மெக்னீசியம்: இரண்டு எலக்ட்ரான்களின் வேதியியல்

(கல்லூரி ஒன்றின் வேதியியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்னீசியம் உங்களுக்குப் புதியது அல்ல. பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமாகிவிட்ட தனிமம். அணு எண் 12. அணு நிறை 24.3. இரண்டாம் தொகுதியைச் சேர்ந்த காரமண் உலோகம். வெள்ளி நிறம். உருகுநிலை 650 டிகிரி செல்சியஸ். கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம் எடை. அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரும்பில் கால் பங்குகூட இல்லை. பற்றவைத்தால் கண் கூசும் வெள்ளொளியோடு எரியும். அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் வரும். பச்சையத்தில் இருக்கும். இப்படி ஒரு பட்டியலை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருக்கிறோம்.

மறந்ததற்கு மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகளை யாராலும் நெடுநாள் நினைவில் வைத்திருக்க முடியாது. ஆனால் மெக்னீசியத்தின் வேதிப் பண்புகள் தொடர்பில்லாதவை அல்ல. அத்தனையும் ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவை. அந்தக் காரணத்தை விளங்கிக்கொண்டால் பட்டியல் தேவையில்லை. ஒவ்வொரு பண்பையும் நாமே வருவித்துக்கொள்ளலாம். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்தக் காரணத்தை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். மெக்னீசிய அணுவில் 12 எலக்ட்ரான்கள் உள்ளன. முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, வெளிக்கூட்டில் இரண்டு. முதல் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க மோலுக்கு 738 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரண்டாவதற்கு 1451. மூன்றாவதற்கு 7733. முதல் இரண்டையும் கூட்டினாலே 2189தான் வருகிறது. மூன்றாவது ஒன்றுக்கு மட்டும் அதைப்போல் மூன்றரை மடங்கு கேட்கிறது. ஆகவே மெக்னீசியம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கும். மூன்றாவதை எந்த வேதிவினையிலும் கொடுக்காது.

2189 கிலோஜூல் என்பதும் சின்னத் தொகை அல்லவே, அதைச் செலவழித்து ஏன் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செலவைப் பார்த்த நாம் வரவையும் பார்க்க வேண்டும். இரண்டு எலக்ட்ரான்கள் போனபின் மிஞ்சும் அயனியின் ஆரம் 72 பிகோமீட்டர்தான். சோடியம் அயனியின் ஆரம் 102. சோடியத்தின் மின்சுமை ஒன்று, மெக்னீசியத்தின் மின்சுமை இரண்டு. அவ்வளவு சிறிய உருவில் அவ்வளவு மின்சுமை இருந்தால், எதிர் மின்சுமையுள்ள எதையும் அது இறுக்கிப் பிடிக்கும். ஆக்ஸைடு அயனியோடு சேர்ந்து படிகமாகும்போது மோலுக்கு ஏறத்தாழ 3800 கிலோஜூல் வெளிப்படுகிறது. சாப்பாட்டு உப்பின் படிகத்துக்கு இந்த எண் 787தான்.  செலவைவிட வரவு கூடுதல் என்பதால்தான் மெக்னீசியம் எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது.

ஆகவே மெக்னீசியத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. உலோகமாக இருக்கும்போது அதனிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரான்கள் உள்ளன. வாங்க ஆள் கிடைத்தால் உடனே வினைபுரியும். அயனியாகிவிட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை. மிக நிலையானது, பிடித்ததை விடாதது. முதல் நிலை நெருப்பையும் ஒளியையும் தருகிறது. இரண்டாம் நிலை பாறையையும் இலையையும் உயிரையும் தாங்குகிறது. இந்த வரிசையிலேயே பேசுகிறேன்.

முதலில் உலோகம். இயற்கையில் மெக்னீசியம் உலோகமாக எங்கும் கிடைப்பதில்லை. அதனால் மனிதர்கள் அதன் உப்புகளை முதலில் அறிந்தார்கள், உலோகத்தைப் பிந்தித்தான் கண்டார்கள். இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரில் ஒரு ஊற்று நீரை மாடுகள் குடிக்க மறுத்தன என்றும், 1618இல் ஒரு விவசாயி அதைக் கவனித்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் கசப்பு மெக்னீசியம் சல்பேட்டின் கசப்பு. நம்மூர் மருந்துக் கடைகளில் பேதி உப்பு என்று விற்றதும் அதே பொருள்தான். 1750களில் எடின்பரோவின் ஜோசப் பிளாக், மெக்னீசியம் கார்பனேட்டைச் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று தராசில் நிறுத்துப் பார்த்தார். வெளியேறிய வாயுவுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். இன்று நாம் அதைக் கார்பன் டை ஆக்ஸைடு என்கிறோம். மெக்னீசியா என்ற மெக்னீசியம் ஆக்ஸைடும் சுண்ணாம்பும் வேறுவேறு பொருள்கள் என்று காட்டியவரும் அவரே. 1808இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் துணையால் உலோகத்தை முதலில் பிரித்தார். 1828இல் பிரான்சின் அந்துவான் பஸ்ஸி பொட்டாசியத்தைக் கொண்டு இன்னும் தூய நிலையில் எடுத்தார். 1833இல் மைக்கேல் ஃபாரடே உருக்கிய மெக்னீசியம் குளோரைடில் மின்சாரம் செலுத்திப் பெற்றார். இன்றைய மின்னாற்பகுப்பு ஆலைகள் அந்த வழியில் வந்தவை.

உலோகம் கைக்கு வந்ததும் உலகம் அதில் முதலில் கண்டது ஒளியை. 1864இல் மான்செஸ்டரில் ஆல்பிரட் பிரதர்ஸ் மெக்னீசிய நாடாவை எரித்து அந்த வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்தார். மறு ஆண்டே வானியலாளர் பியாசி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மெக்னீசிய ஒளியில் படம் பிடித்தார். சூரிய வெளிச்சம் புகாத இடத்தையும் படமெடுக்கலாம் என்று புகைப்படக் கலைக்குக் கற்றுக் கொடுத்தது இந்த உலோகம். 1887இல் ஜெர்மனியில் மெக்னீசியத் தூளோடு ஆக்ஸிஜன் தரும் உப்பைக் கலந்து ஃபிளாஷ் தூள் செய்தார்கள்.

இவ்வளவு ஒளி எப்படி வருகிறது? ஒரு கிலோ மெக்னீசியம் எரிந்தால் ஏறத்தாழ 25 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும். சுடரின் வெப்பநிலை 3000 டிகிரியை எட்டும். எரிந்து உண்டாகும் ஆக்ஸைடின் நுண்துகள்கள் அந்த வெப்பத்திலும் ஆவியாகிப் போவதில்லை. சுடருக்குள்ளேயே நின்று வெண்சூடாக ஒளிர்கின்றன. அந்த ஒளியில் புற ஊதாக் கதிரும் கணிசமாக உண்டு. ஆய்வகத்தில் எரியும் நாடாவை நேராகப் பார்க்காதீர்கள் என்று ஆசிரியர்கள் எச்சரிப்பது அதனால்தான்.

நெருப்பை அணைக்க நாம் சாதாரணமாகச் செய்வது என்ன? தண்ணீர் ஊற்றுவோம், அல்லது கார்பன் டை ஆக்ஸைடை அடித்து ஆக்ஸிஜன் கிடைக்காமல் செய்வோம். மெக்னீசியத் தீயில் இரண்டும் ஆபத்து. எரியும் நாடாவைக் கார்பன் டை ஆக்ஸைடு நிரம்பிய ஜாடிக்குள் விட்டால் அது அணையாது. சடசடவென்று எரிந்து, வெள்ளை ஆக்ஸைடோடு கருப்பான கரித்துகளையும் விட்டுச் செல்லும். கார்பனிடமிருந்த ஆக்ஸிஜனை மெக்னீசியம் எடுத்துக்கொண்டது என்பதற்கு அந்தக் கரியே சாட்சி. தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளிவிடும். ஹைட்ரஜன் தானும் எரியும். 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தில் மெக்னீசியக் கலவையால் உடல் அமைக்கப்பட்ட கார் ஒன்று மோதித் தீப்பற்றியது. தண்ணீர் பட்டதும் தீ மேலும் வலுத்தது. பார்வையாளர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த விபத்தில் கூட்டத்துக்குள் பாய்ந்த காரின் பாகங்களே பெரும்பாலான உயிர்களைப் பறித்தன என்றாலும், மெக்னீசியத் தீயின் குணத்தை உலகம் அன்று மறக்க முடியாதபடி கண்டது. இத்தகைய தீக்கு உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்றே தயாரித்த தூளோதான் மருந்து. பட்டறையில் மெக்னீசியம் கடையும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கடைசலில் விழும் மெல்லிய சுருள்கள் எளிதில் தீப்பற்றும். கட்டியாக இருக்கும் உலோகம் அவ்வளவு எளிதில் பற்றாது.

சரி, நைட்ரஜன்? மற்ற பொருள்களுக்கு அது மந்த வாயு. சிவக்கச் சூடான மெக்னீசியம் அதையும் விடாது, நைட்ரைடு ஆக்கிவிடும். காற்றில் எரித்துக் கிடைத்த வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்து பாருங்கள், லேசாக அம்மோனியா வாசம் வரும். இந்தச் சின்னப் பண்பு வேதியியலின் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்குக் கருவியாயிற்று. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1890களின் தொடக்கத்தில் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.251 கிராம்தான் இருந்தது. அரை சதவீத வேறுபாடு. நம்மில் பலர் அளவுப் பிழை என்று ஒதுக்கியிருப்போம். ராலே ஒதுக்கவில்லை. வில்லியம் ராம்சே அந்தப் புதிரைக் கையில் எடுத்தார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். மெக்னீசியம் நைட்ரஜனை விழுங்கிக்கொண்டே போனது. வாயு குறைந்துகொண்டே வந்து, தொடக்க அளவில் எண்பதில் ஒரு பங்கு வந்ததும் நின்றுவிட்டது. மிச்சத்தை மெக்னீசியத்தால் தொட முடியவில்லை. அதுதான் ஆர்கான். எதற்கும் எலக்ட்ரான் கொடுக்கத் தயங்காத உலோகம் ஒன்று இருந்ததால்தான், எதனோடும் சேராத வாயு ஒன்று நம் மூச்சுக் காற்றிலேயே இருப்பது 1894இல் தெரியவந்தது. 1904இல் ராலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த தலைமுறையில் பிரான்சின் விக்டர் கிரின்யார், கார்பன் சேர்மங்களோடு மெக்னீசியத்தைப் பிணைத்துப் புதிய மூலக்கூறுகளைக் கட்டும் வழியை 1900இல் காட்டி, 1912இல் நோபல் பெற்றார். கரிம வேதியியல் படிக்கும் உங்களுக்கு அந்த வினைப்பொருளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

எலக்ட்ரான் கொடுக்கும் இந்தக் குணம் நம் வீட்டிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறது. குளியலறையில் கெய்சர் இருந்தால், பெரும்பாலும் அதன் தொட்டிக்குள் ஆனோடு ராடு ஒன்று இருக்கும். பல தொட்டிகளில் அது மெக்னீசியத்தால் ஆனது. இரும்பின் திட்ட மின்னழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட், மெக்னீசியத்தின் மின்னழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட். இரண்டும் தொடர்பில் இருக்கும்போது மெக்னீசியமே முதலில் கரையும். அது தீரும்வரை தொட்டி துருப்பிடிக்காது. நிலத்தடியில் புதைத்த எரிவாயுக் குழாய்களையும் இதே முறையில் காக்கிறார்கள். ராடு கரைந்து தீர்ந்தபின் மாற்றாவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான்.

கோயம்புத்தூர் பவுண்டரிகளுக்குப் போனவர்கள் எஸ்.ஜி. அயர்ன் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சாதாரண வார்ப்பிரும்பில் கார்பன் மெல்லிய தகடுகளாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு தகட்டு முனையும் விரிசலுக்குத் தொடக்கமாகும். அதனால்தான் வார்ப்பிரும்பு அடித்தால் உடைகிறது. 1943இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ், உருகிய இரும்பில் சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால் கார்பன் உருண்டைகளாகப் படிவதைக் கண்டார். மெக்னீசியம் இரும்பிலுள்ள கந்தகத்தையும் ஆக்ஸிஜனையும் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் படிக வளர்ச்சி மாறுகிறது. முடிவில் இரும்பில் தங்குவது பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவுதான். அந்தச் சிறு அளவு, உடையும் இரும்பை வளையும் இரும்பாக்கிவிடுகிறது. அதுதான் எஸ்.ஜி. அயர்ன். ஆனால் வேலை எளிதல்ல. மெக்னீசியம் 1090 டிகிரியிலேயே கொதித்துவிடும்; உருகிய இரும்போ 1400 டிகிரிக்கு மேல் இருக்கும். அதனால் மெக்னீசியத்தைத் தனியாகப் போடாமல் சிலிக்கனும் இரும்பும் கலந்த கலவையாக லேடிலின் அடியில் வைப்பார்கள். இரும்பை ஊற்றியதும் வெள்ளொளி பீறிடும். அதன்பின் சில நிமிடங்களுக்குள் அச்சில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் மெக்னீசியம் பறந்துபோய்ப் பலன் மங்கிவிடும். மோட்டார் வாகனத்தின் கிராங்க் தண்டும் குடிநீர்க் குழாயும் வால்வும் இந்த இரும்பில் செய்யப்படுகின்றன.

டைட்டானியத்தைப் பெறவும் மெக்னீசியம் வேண்டும். டைட்டானியம் டெட்ரா குளோரைடிலிருந்து குளோரினைப் பறித்து உலோகத்தை விடுவிப்பது மெக்னீசியம்தான். வில்லியம் குரோல் வகுத்த இந்த முறையில், கேரளத்தின் சவராவில் 2011இல் டைட்டானியப் பஞ்சு ஆலை தொடங்கப்பட்டது. நம் விண்வெளித் திட்டத்துக்கு வேண்டிய உலோகத்தை நம் கடற்கரை மணலிலிருந்தே எடுக்க வழி செய்தது அந்த ஆலை.

இவ்வளவு தாராளமாக எலக்ட்ரான் கொடுக்கும் உலோகத்தை நாம் எப்படிப் பெறுகிறோம்? கொடுத்த எலக்ட்ரான்களை அதற்குத் திருப்பித் தந்துதான். அதற்கான விலை கடுமையானது. மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 ஜனவரியில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஃபிரீபோர்ட்டில் டவ் நிறுவனம் கடலிலிருந்தே இந்த உலோகத்தை எடுக்கத் தொடங்கியது. சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கடல் நீரில் கலந்தார்கள். மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு வீழ்படிவாக இறங்கியது. அதை அமிலத்தில் கரைத்துக் குளோரைடாக்கி, உருக்கி, மின்சாரம் செலுத்தினார்கள். ஒரு டன் உலோகத்துக்கு ஏறத்தாழ 800 டன் கடல் நீர் வேண்டியிருந்தது. கடல் நீருக்கு விலை இல்லை, மின்சாரத்துக்கு உண்டு. மின்னாற்பகுப்பில் கிலோவுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் செலவாகும். நாம் பற்றவைக்கும் நாடாவின் ஒளி வேறு எங்கிருந்தும் வருவதில்லை. அதைச் செய்ய ஆலையில் செலவழித்த ஆற்றலின் ஒரு பகுதிதான் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே வருகிறது. இதை உணர்ந்துவிட்டால் ஆற்றல் அழிவின்மை விதி ஏட்டில் மட்டும் உள்ள விதியாக இருக்காது.

இரண்டாவது வழியைக் கனடாவின் லாயிட் பிட்ஜன் 1940களில் வகுத்தார். சுட்ட டோலமைட்டையும் பெரோசிலிக்கனையும் கலந்து வெற்றிடத்தில் 1200 டிகிரி அளவில் சூடாக்கும் முறை அது. சிலிக்கன் மெக்னீசியத்தைவிட வினைத்திறன் குறைந்தது. அது எப்படி மெக்னீசியத்தை விடுவிக்கும் என்று தேர்வில் கேட்டால் முடியாது என்றுதான் எழுதுவோம். ஆனால் விடுபடும் மெக்னீசியம் ஆவியாக வெளியேறிவிடுவதால் வினை முன்னோக்கியே நகர்கிறது. லெ சாட்லியர் கொள்கை தொழிற்சாலையாக நிற்பதை இங்கே பார்க்கிறோம். இன்று உலகின் மெக்னீசியத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சீனாவில், பெரும்பாலும் இந்த முறையில், நிலக்கரியின் துணையோடு தயாராகிறது. 2021இல் அங்கு மின்வெட்டால் உலைகள் குறைக்கப்பட்டபோது ஐரோப்பாவின் அலுமினிய, கார்த் தொழில்கள் கலங்கின. கடல் முழுக்கக் கிடக்கும் ஒரு பொருளுக்கு உலகம் ஒரே நாட்டை நம்பியிருப்பதற்குக் காரணம் தாது அல்ல, ஆற்றலின் விலை.

இனி இரண்டாம் நிலைக்கு வருவோம். எலக்ட்ரான்களைக் கொடுத்து முடித்த மெக்னீசியம். பூமியின் நிறையில் இரும்பு, ஆக்ஸிஜன், சிலிக்கன் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவதாக நிற்பது இதுதான். நாம் நிற்கும் தரைக்குக் கீழே, புவி மூடகம் முழுக்க மெக்னீசிய சிலிக்கேட் பாறை. அப்படி ஆழத்திலிருந்து மேலே வந்த டூனைட் என்ற பாறை சேலத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு கலந்த நீர் அதன் வெடிப்புகளில் ஊடுருவி மெக்னீசியம் கார்பனேட்டாக, வெள்ளை நரம்புகளாகப் படிந்தது. கருப்பூர்ப் பக்கம் அதை வெள்ளைக்கல் என்பார்கள், நூல்களில் மேக்னசைட். அரசு நிறுவனமான தமிழ்நாடு மேக்னசைட் 1979இல் அங்கே தொடங்கப்பட்டது.

அந்தக் கல்லைச் சூளையில் சுட்டால் நடப்பது ஜோசப் பிளாக் தராசில் கண்ட அதே வினை. கார்பன் டை ஆக்ஸைடு போய்விடும். நூறு கிலோ கல்லில் ஏறத்தாழ 48 கிலோ ஆக்ஸைடு மிஞ்சும். அந்த ஆக்ஸைடு 2850 டிகிரியில்தான் உருகும். எஃகு உருகுவதோ 1500 டிகிரியை ஒட்டி. அதனால் எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கல்லை இதில் செய்கிறார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன 3800 கிலோஜூலை நினைத்துப் பாருங்கள். நாட்டின் எஃகு உலைகளுக்குச் சேலத்து வெள்ளைக்கல் உள்சுவராகப் போனதற்கு அந்த எண்தான் காரணம். உலையின் அனல் எவ்வளவு தாக்கினாலும், அயனிகள் ஒன்றையொன்று விடுவதில்லை.

இதே அயனிதான் இலையில் இருக்கிறது. பச்சைய மூலக்கூறின் நடுவே நான்கு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையில் ஒரு மெக்னீசியம் அமர்ந்திருக்கிறது. நிறையில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. இதை நிறுவிய ரிச்சர்டு வில்ஸ்டேட்டருக்கு 1915இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ரத்தத்திலுள்ள ஹீமும் இதை ஒத்த வளையம்தான். ஆனால் அதன் நடுவில் இரும்பு. ஏன் இலைக்கு இரும்பு உதவாது? இரும்பில் நிரம்பாத எலக்ட்ரான் இடங்கள் உண்டு. ஒளி தந்த கிளர்ச்சியை அது நொடியில் வெப்பமாகக் கரைத்துவிடும். மெக்னீசியம் அயனியில் எல்லாக் கூடும் நிரம்பியிருப்பதால் அது குறுக்கிடாது. கிளர்ந்த நிலை நானோ நொடிகள் அளவுக்கு நீடிக்கிறது. அந்த அவகாசத்தில் ஆற்றல் அடுத்த மூலக்கூறுக்குக் கைமாறுகிறது. உலகத்துக்கு உணவளிக்கும் ஒளிச்சேர்க்கை அந்த நானோ நொடி அவகாசத்தில் நிற்கிறது.

இதை நம் அடுப்படியிலேயே சோதித்துப் பார்க்கலாம். கீரையைப் புளி விட்டு வேகவைத்தால் பச்சை மங்கிப் பழுப்பாகிறது. புளியின் அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் பச்சையத்தின் நடுவிலிருந்து மெக்னீசியத்தை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நிறம் போனதென்றால் நடுவிலிருந்த உலோகம் போய்விட்டது என்று பொருள். வயலிலும் இதைக் காணலாம். மெக்னீசியம் பற்றாத செடியில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். பருத்தியில் செம்மை படரும். முதலில் பாதிக்கப்படுவது முதிர்ந்த இலை. செடி தன் பழைய இலையிலிருந்து மெக்னீசியத்தை எடுத்துப் புதிய தளிருக்கு அனுப்பிவிடுவதே காரணம். மெக்னீசியம் சல்பேட்டைத் தெளிக்கச் சொல்வது இந்தக் குறைக்குத்தான்.

நம் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். ரத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று சொல்லப்படும் ஏடிபி மூலக்கூறு தனியாக வேலை செய்வதில்லை. அதன் பாஸ்பேட்டுகளை ஒரு மெக்னீசியம் அயனி பிடித்திருந்தால்தான் நொதிகள் அதை ஏற்கும். தசை அசைவதும் நரம்பு செய்தி கடத்துவதும் புரதம் உருவாவதும் இந்தப் பிடியை நம்பித்தான். நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது ஏறத்தாழ 300 முதல் 450 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 130 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பயறு, நிலக்கடலை, கீரை எல்லாவற்றிலும் உண்டு. அரிசியில் அது தவிட்டோடு இருப்பதால் பளபளப்பாகத் தீட்டும்போது பெரும்பகுதி போய்விடுகிறது.

மருத்துவத்தில் இதன் மிகப் பெரிய பணி பிரசவ அறையில். பேறுகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் தாயும் சேயும் ஆபத்தில் சிக்குவார்கள். அதைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் உதவுமா என்று 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. வலிப்பு வரும் அபாயம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. தசைக்கும் நரம்புக்கும் கால்சியம் தரும் தூண்டுதலை மெக்னீசியம் தணிக்கிறது. அளவு மிஞ்சினால் மூச்சையே தணித்துவிடும். அதனால் செவிலியர்கள் அடுத்த மருந்தளவு தருவதற்கு முன் முழங்கால் அனிச்சையையும் மூச்சையும் சிறுநீர் அளவையும் பார்ப்பார்கள். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டைக் கையருகே வைத்திருப்பார்கள். எப்சம் ஊற்றின் அந்தக் கசப்பு உப்பு, விலை மலிந்த மருந்தாக, இன்று உலகெங்கும் தாய்மார்களின் உயிரைக் காக்கிறது. ஆடம்பரமான மருந்துகள் செய்யாத வேலை இது.

மாணவர்களே, இவ்வளவு நேரம் நான் சொன்னவற்றை ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். ஃபிளாஷ் ஒளி, அணையாத தீ, ஆர்கான், கெய்சர் ராடு, எஸ்.ஜி. இரும்பு, உலைச் செங்கல், பச்சையம், பிரசவ அறை மருந்து. எட்டுப் பாடங்களில் சிதறிக் கிடக்கும் செய்திகள் இவை. 738, 1451, 7733 என்ற மூன்று எண்களையும், 72 பிகோமீட்டர் என்ற நான்காவது எண்ணையும் தெரிந்தவருக்கு இவை அனைத்தும் ஒரே பாடம். வேதியியல் மனப்பாடத்துக்கு உரிய துறை அல்ல என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்னீசிய நாடாவை எரித்துக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிவித்து, பக்கத்தில் உலர் மணல் வைத்து, மாணவர் கையாலேயே மூடிய புடக்குகையில் 2.43 கிராம் நாடாவை எரிக்க வையுங்கள். ஆறியபின் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சாம்பலின் எடை ஏறத்தாழ 4.03 கிராம் வர வேண்டும். சற்றுக் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். புகையாகப் போனது எவ்வளவு, நைட்ரைடு ஆனது எவ்வளவு என்று அவர்கள் யோசிக்கட்டும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். எரிந்த பொருள் எடை கூடுகிறது என்பதைத் தன் கையால் நிறுத்துப் பார்த்த மாணவர் அதை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். இந்த மன்றம் இந்த ஆண்டு வேறு எதையும் செய்யாவிட்டாலும், உறுப்பினர் ஒவ்வொருவரும் அந்த ஒரு சோதனையைச் செய்து முடிக்க வழி செய்யட்டும்.